மூன்று பேர் சொன்ன ஏழு

கிணற்று வேலையில் செத்துப்போனவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சாகாமல் தப்பித்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் என் மகள் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இது என் மகனுக்கும், பாறையில் குழி போடுகிற அவனுடைய கம்ப்ரசர் வண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கும்.

போன வாரம் மத்தியானம் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். வேப்பமரத்து நிழலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு பிள்ளை மட்டும் வண்டிக்கு அந்தப் பக்கம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "அவன் அப்படித்தான் நைனா, யார்கிட்டயும் பேச மாட்டான்," என்று என் மகன் சொன்னான். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. இதே வார்த்தையை எங்கள் கூட்டத்தில் இன்னொருவனைப் பற்றியும் சொல்லியிருக்கிறோம். அவன் பெயர் சேகர்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. மழை சரியாக இல்லாததால் செஞ்சியைச் சுற்றி எல்லோரும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்துப் பூமி உங்களுக்குத் தெரியும். கொஞ்ச ஆழம் மண், அதற்குக் கீழே பாறைதான். பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, வெடித்துத்தான் கீழே போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். மேஸ்திரி ஒருவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதவில்லை. வேலையில் புலி. டிராக்டர் ஓட்டுகிறவன் காதர், செஞ்சிக் கடைத்தெருக்காரன், என் வயசுதான். அவன் இருக்கிற இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அப்புறம் நான், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். கல்யாணமான புதிது. கடைசியாக வந்து சேர்ந்தவன் சேகர்.

வேலை முறை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எத்தனை குழிக்குத் திரி கொளுத்துகிறோமோ, அத்தனை சத்தம் கேட்க வேண்டும். பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு எண்ணுவோம். ஒரு சத்தம் குறைந்தால் ஒரு குழி வெடிக்காமல் கீழே காத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. எண்ணி முடித்ததும் மேஸ்திரி எண்ணைச் சொல்வார். அதையே மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்வோம். எண் ஒத்துப்போனால் புகை அடங்கியதும் ஓர் ஆள் இறங்குவான். அது பெரும்பாலும் நான்தான்.

சேகர் சீயமங்கலத்துப் பையன். பன்னிரண்டாவது தேறியவன். அவன் அப்பா இறந்துபோனதால் மேலே படிக்க முடியவில்லை. கூடப் படித்தவர்கள் திருவண்ணாமலை, மெட்ராஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இவன் செஞ்சியில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி எங்களோடு வேலைக்கு வந்தான். முதல் நாள் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றான். காதருக்கு அது போதாதா?

"இன்னா மேஸ்திரி, கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து கெணத்த அளக்க வந்துருக்காங்களா?"

அன்றிலிருந்து அவன் கலெக்டர் ஆகிவிட்டான். அவனும் முதலில் சிரித்தான். ஒருமுறை சிரிப்பது சுலபம். தினமும் நூறு தடவை கூப்பிட்டால், யாருக்கும் சிரித்துக் காட்ட அவ்வளவு பல் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று நடந்தது. எங்கள் சிங்கவரத்து மலையடியில் ஒரு கிணறு. ஐந்து குழி வெடித்தோம். எல்லோரும் ஐந்து என்றோம். சேகர் ஆறு என்றான். மேஸ்திரி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு குழிக்கு ஆறு சத்தம் எப்பிடிடா வரும்?"

"கேட்டுது மேஸ்திரி."

"அது மலையில பட்டுத் திரும்பற சத்தம்டா."

காதர் விழுந்து விழுந்து சிரித்தான். "மேஸ்திரி, சனிக்கெழம மலைக்கும் சேத்து கூலி போட்டுடுங்க. கலெக்டர் உத்தரவு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவை என்றுதான் அப்போது நினைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும், "மலைய கேட்டுட்டியா கலெக்டரு?" என்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. காதர் கெட்டவன் இல்லை. அவன் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வரும். ஆனால் எந்த இடத்தில் வலிக்கும் என்று பார்க்காமல் தட்டுகிற கை அவனுக்கு.

சேகர் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கேட்டால் ஆமாம், இல்லை. அப்புறம் அதுவும் தலையசைப்பாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு டிராக்டர் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவான். படித்த திமிர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தோம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தோம். கல்லில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் கண்டுபிடிக்கிறவர்கள் நாங்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் விட்டிருந்த விரிசல் தெரியவில்லை.

அவன் எப்படிப் பேச ஆரம்பித்தான் என்றால், அதற்கு நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை. அவன் சைக்கிள் கெட்டுப்போயிற்று, அவ்வளவுதான். அந்தச் சமயம் சிங்கவரத்தைத் தாண்டி ஓரிடத்தில் வேலை. சில நாள் சாயங்காலம் என் கேரியரில் உட்கார வைத்துச் செஞ்சியில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்திருக்கிறவனின் முகம் முன்னால் மிதிக்கிறவனுக்குத் தெரியாது. பேச்சு வராதவனுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஊர் எல்லையில் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். அந்தப் பக்கமாக வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த லிப்டரு பந்த வலைக்கு ரொம்ப ஒட்டித் தூக்கறான்ணா."

இரண்டு மாதத்தில் அவனாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"ஊர்ல நான்தான்ணா லிப்டரு."

"போய் ஆடேன்."

"வாணாம்ணா. யாரையும் தெரியாது."

"அவங்களுக்கும் ஒன்னத் தெரியாது. ரெண்டும் சரியாப்போச்சு. எறங்கு."

இறங்கினான். வாலிபால் ஆட்டத்தில் பந்தை அடிக்கிறவனுக்குத் தூக்கிக் கொடுப்பவன்தான் லிப்டர். அவன் வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். யார் எடுப்பது, யார் விடுவது, யாருக்குத் தூக்கப் போகிறான் என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மண்டையில் இடித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு பந்துக்கு சேகர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது பந்துக்கு, "விடு, எனக்கு," என்று ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. இருட்டும் வரை ஆடினான். திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்து, எந்தப் பையன் எப்படி அடிக்கிறான், யாருக்கு எந்தக் கை பலம் என்று செஞ்சி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான்.

அடுத்த சில நாட்களில் வேறு விஷயமும் பேசினான்.

"ரூம்ல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குதுணா. விட்டத்தையே பார்த்துக்கினு இருப்பேன். நாள் பூரா பேசாம இருந்துட்டு, கடையில போயி டீ கேட்டா, என் கொரலே எனக்கு வேற யாரோ பேசற மாதிரி இருக்குது."

"எங்ககிட்ட பேசறதுக்கு இன்னா?"

"இன்னா பேசினாலும் சிரிக்கறீங்கணா."

மிதித்துக்கொண்டே வந்தேன். அப்புறம், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா, சாப்பாட்டுக்கு," என்றேன். வந்தான். என் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. கேட்டுச் சாப்பிடுகிற பிள்ளையை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். பிறகு ஞாயிறு தவறாமல் வாலிபால், அப்புறம் எங்கள் வீட்டில் சாப்பாடு. உடம்பு தேறியது. தூக்கம் வந்தது என்று அவனே சொன்னான்.

வேலை இடத்தில் மட்டும் அவன் மாறவில்லை. அங்கே அவன் கலெக்டர்தான், டிராக்டர் சக்கரத்துக்கு அந்தப் பக்கம்தான். ஓர் இடத்தில் பேசுகிற பிள்ளை இன்னோர் இடத்தில் ஊமையாக இருக்கிறான் என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்கலாம். சாயங்காலம் சந்தோஷமாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அனந்தபுரம் போகிற வழியில் மலையை ஒட்டி ஒரு கிணறு. கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஓர் அம்மா. வீட்டுக்காரர் இல்லை, தனியாகவே வேர்க்கடலை போட்டிருந்தார். காய் பிடிக்கிற சமயத்தில் கிணறு காலை வாரிவிட்டது. எங்கள் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். "இன்னிக்குத் தண்ணி வந்துடுமாப்பா? எல தொவண்டுபோச்சுப்பா." அவர் கேட்பதில் தப்பே இல்லை. அந்தக் கடலையை நம்பித்தான் அவருக்கு வருஷம் முழுக்கச் சோறு.

அன்றைக்கு ஏழு குழி. நான் சிவப்புத் துணியோடு பாதைக்குப் போய்விட்டேன். பாதைக்குப் பக்கத்தில் வெடி வைக்கும்போது வருகிறவர்களை நிறுத்துவது என் வேலை. அந்தத் தூரத்தில் சத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும் என்பதால் பாதையில் நிற்கிறவன் எண்ண வேண்டியதில்லை. ஒரு மாட்டு வண்டியையும் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் நிறுத்தி வைத்திருந்தேன். வெடித்து முடித்தது. திரும்பி வந்தேன்.

மேஸ்திரி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஏழு."

"ஏழு," என்றான் காதர்.

சேகர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். மேஸ்திரி அவன் பக்கம் திரும்பினார்.

"இன்னா, மலையையும் சேத்து எண்றானா?" என்றான் காதர்.

"ஏழு," என்றான் சேகர்.

புகை அடங்கும் வரை காத்திருந்தோம். கிணற்றுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தேன். தலை கிணற்றின் வாய்க்குக் கீழே போயிருக்கும், கயிறு மேலே இழுபட்டது. நிமிர்ந்து பார்த்தால் சேகர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"மேல வாணா."

"இன்னாடா?"

"மேல வா."

"விஷயத்தச் சொல்லு."

வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. மேலேயிருந்து காதர் சிரிப்பது கேட்டது. "கலெக்டருக்குப் பாசம் பொங்குது, வுடுப்பா."

"ஆறுதான்ணா," என்றான் சேகர். "ஆறுதான் வெடிச்சுது."

நான் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மேஸ்திரி அவன் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இப்ப ஏழுன்னு சொன்னியேடா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல? ஏழுன்னு ஏன்டா சொன்ன?"

"நீங்க ஏழுன்னீங்க மேஸ்திரி."

"நான் சொன்னா? உனக்குக் காது இல்லையா?"

"கடைசிச் சத்தம் மலையில பட்டு வந்தது மேஸ்திரி. வெடின்னா காலுக்குக் கீழ அதிரும். அது அதிரல. அன்னிக்கி நான் ஏமாந்தேன் இல்ல, அதுலேர்ந்து கால்லயும் கவனிப்பேன்."

மேஸ்திரி காதர் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற? நீயும் ஏழுதானே கேட்ட?"

காதர் எப்போதும் போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேஸ்திரி, நெசத்தச் சொல்லிடறேன். நான் எண்றதே இல்ல. நீங்க சொல்றதத்தான் சொல்லுவேன். நீங்க எண்ணிடுவீங்கன்னு."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மூன்று பேர் ஏழு என்றார்கள். மூன்று பேரை நம்பி நான் படியில் கால் வைத்தேன். ஆனால் அது மூன்று பேர் கேட்ட ஏழு இல்லை. ஒருவர் கேட்டார். ஒருவன் எண்ணாமலே திருப்பிச் சொன்னான். மூன்றாமவன் வேறாகக் கேட்டும் பயந்து ஏழு என்றே சொன்னான். கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு எதிராக ஒருவர்தான். அதில் ஒருவர் முப்பது வருஷம் இந்த வேலையில் ஊறியவர். இன்னொருவன் நேற்று வந்தவன், முன்னே ஒரு முறை தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவன்.

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பொழுது சாய ஒரு நாழிகைதான் இருந்தது. அன்றைக்கு இறங்காவிட்டால் ஒரு நாள் வேலை போயிற்று. சின்னப் பையன் பேச்சைக் கேட்டு மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார் என்று அடுத்த கிணற்றில் பேசுவார்கள். இதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. நானும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கு என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேனோ என்னவோ.

கிணற்றுக்கார அம்மாதான் முதலில் பேசினார்.

"யப்பா, உனக்குக் கல்யாணமாயி எவ்ளோ நாளாச்சு?"

"ஒரு வருசம் ஆவப்போவுதுமா."

"என் கடலச் செடி ஒரு நாள் தாங்கும். உன் வூட்டுக்காரி வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? கயித்த அவுருப்பா."

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இன்னிக்கு யாரும் எறங்க வாணாம். கெணத்தச் சுத்தி முள்ளு போடுங்க," என்றார். சேகரைப் பார்க்காமலேயே டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அன்றும் சேகர் என் கேரியரில்தான் திரும்பி வந்தான். எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

"சேகரு, ஒன்னு கேட்டா நெசத்தச் சொல்லுவியா?"

"கேளுணா."

"நான் இல்லாம வேற ஆளு எறங்கியிருந்தா, கயித்தப் புடிச்சிருப்பியா?"

ஒரு மேடு ஏறி இறங்கினோம்.

"தெரியலணா."

"மேஸ்திரி எறங்கியிருந்தா?"

"தெரியலணா," என்றான் மறுபடியும். அழுகிறான் என்று குரலில் தெரிந்தது. "மனசுக்குள்ள கத்திக்கினே இருந்தேன்ணா. வாய் வரல. மறுபடியும் சிரிப்பாங்களேன்னு. நீ காலு வெச்சதும் அண்ணி மொகம் வந்துட்டுது."

அந்த ராத்திரி இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள், "நாலு நாள் சோறு போட்டதுக்கு உசுரு பொழச்சுது. சோறு போடாதவங்க கதி?" என்றாள். எனக்கு விளங்கியது அப்போதுதான். ஒரு பையன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவனுடைய கஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவனோடு சேர்ந்து எங்கள் எல்லோர் உயிரும் அந்தச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

காலையில் மேஸ்திரி எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தானே கிணற்றில் இறங்கினார். யாரையும் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. மேலே வந்து கொஞ்ச நேரம் மண்ணில் உட்கார்ந்தார்.

"ஒரு குழி அப்பிடியே நிக்குது," என்றார்.

சேகரைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது வராது. அந்தக் குழிக்குச் செய்ய வேண்டியதைப் பத்திரமாகச் செய்து முடித்த பிறகு, அவரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போனேன். சேகரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன், சொல்லிக்கோணா என்றிருந்தான். சைக்கிளில் பேசியதைச் சொன்னேன்.

"நான் எறங்கியிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியலன்னான் மேஸ்திரி."

கோபப்படுவார் என்று நினைத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், டீ ஆறிப்போயிற்று. பிறகு கேட்டார்: "அவன் எந்த ஊரு? அப்பா இல்லையா?" நான்கு மாதம் கூட வேலை செய்கிற பையனைப் பற்றி அப்போதுதான் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வாலிபால் ஆடுவதையும் சொன்னேன். "ஓகோ," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி தன் தூக்கை எடுத்துக்கொண்டு டிராக்டர் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் போனார். நானும் காதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னாலேயே நாங்களும் போனோம். அங்கே நிழலே இல்லை, உச்சி வெயில். நான்கு பேரும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் சேகரே, "மேஸ்திரி, மரத்தடிக்குப் போலாமே, சுடுது," என்றான். எழுந்து போனோம்.

காதர் கலெக்டர் என்று கூப்பிடுவதை விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் அவன், "இன்னா கலெக்டரு, எங்க ஊட்டுப் பக்கம் வரதேயில்ல?" என்று கேட்டதற்கு சேகர், "மனு குடுத்துட்டுப் போயி வரிசையில நில்லுணா, கூப்புடறோம்," என்றான். காதர் டிராக்டர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் வலிக்காத பெயராகிவிட்டது. கிண்டல் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிண்டல் இல்லாமல் கிணற்று வேலை செய்ய முடியாது. பதில் கிண்டல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஆள் உள்ளே வேறு எங்கேயோ இறங்கிக்கொண்டிருக்கிறான்.

புதிதாக வந்தவனுக்குப் பேசத் தெரியவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பேசுவதும் ஒரு தொழில்தான், பழகினால்தான் வரும். ஆனால் அதைப் பழக ஓர் இடம் வேண்டும், தப்பாகப் பேசினாலும் கூட நிற்கிற நான்கு பேர் வேண்டும். சேகர் பின்னாளில் சீயமங்கலத்தில் சொந்தமாகக் கம்ப்ரசர் வாங்கினான். அவனிடம் வேலைக்குச் சேருகிற பையனை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, ஊர், பேர், வீட்டில் யார் யார், என்ன ஆட்டம் ஆடுவாய் என்று கேட்டுவிடுவான். ஆட்டம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அதுலதான்ணா நெஜக் கொரலு தெரியும்," என்றான்.

அந்த அம்மா கிணற்றுக்கே திரும்ப வருகிறேன். வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை வெடி வைப்பதற்கு முன்னால் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார்.

"இனிமே நான் கடைசியாச் சொல்றேன். சின்னவன்லேர்ந்து ஆரம்பிங்க. எல்லாரும் எண்ணணும். காதரு, உன்னையும்தான்."

வேறு விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த வரிசைதான் பிறகு எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பழக்கமாயிற்று. எங்கிருந்து வந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

வெடித்தோம். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. கிணற்றுக்கார அம்மா ஓடி வந்தார். கீழே ஈரம் தெரிகிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம், அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எறங்கலாமாப்பா?"

எல்லோரும் சேகரைப் பார்த்தோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் திரும்ப எண்ணிப் பார்த்தான். அம்மா மறுபடி ஏதோ சொல்ல வந்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். "இரும்மா, அவன் சொல்லட்டும்."

சேகர் கண்ணைத் திறந்தான். அவனுக்கு எண் தெரிந்திருந்தால் அது பெரிய விஷயம் இல்லை. அவன் சொன்னது வேறு.

"எனக்குச் சரியாக் கேக்கல மேஸ்திரி. காலுக்கும் புடிபடல."

எங்கள் கூட்டத்தில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. பாதையில் நின்றுவிட்டு வந்த என்னிடம் எண் இல்லை, காதரைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. "எனக்கு ஒன்னு கொறையற மாதிரி இருந்துது, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்," என்றான்.

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நிழலில் விரித்தார். அதில் உட்கார்ந்து, சேகருக்கும் பக்கத்தில் இடம் விட்டார்.

"எனக்குந்தான் சரியாக் கேக்கல," என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம், உக்காருங்கடா."